பூட் டிரைவ் தேய்மானம்: எதைக் காப்பது, எதை இழப்பது

ஒரு சர்வரில் மிகக் குறைவாக உழைக்க வேண்டிய உறுப்பு அதன் பூட் டிரைவ். இயந்திரம் எழும்போது இயக்க முறைமையைப் படித்துக் கொடுத்துவிட்டால் அதன் கடமை ஏறக்குறைய முடிந்தது. மதிப்புள்ள தரவெல்லாம் வேறு வட்டுகளில் இருக்கும். அதனாலேயே கொள்முதல் பட்டியலில் இதற்குக் கடைசி இடம்; மலிவான, சிறிய எஸ்எஸ்டி ஒன்று போதும் என்று முடிவாகிவிடும். ஆனால் இயக்க முறைமை ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. யாருமே பயன்படுத்தாத நள்ளிரவிலும் அது லாக் எழுதுகிறது, அளவீடுகளைச் சேமிக்கிறது, தன் நிலையைக் குறித்துவைக்கிறது. ஃபிளாஷ் நினைவகத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு விலை உண்டு.

அந்த வட்டை எழுத்துத் தேய்மானத்திலிருந்து எப்படிக் காப்பது என்ற கேள்விக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பதில்கள் குவிந்துள்ளன. எழுதவே விடாதே என்பது ஒன்று. குறைத்து எழுது, வேறிடத்தில் எழுது என்பவை அடுத்தவை. வலுவான வட்டை வாங்கு என்போரும், செத்தால் மாற்றிக்கொள்ளலாம் என்போரும், கணக்குப் போட்டுப் பார்த்தால் கவலையே வேண்டாம் என்போரும் உண்டு. ஒவ்வொரு பதிலும் ஒரு குறிப்பிட்ட வன்பொருளின் காலத்தில் பிறந்தது. அந்தக் காலம் போன பிறகும் அறிவுரையாக மட்டும் சுற்றி வருகிறது. எந்தப் பதிவை இழக்கச் சம்மதிக்கிறோம் என்பதை முடிவு செய்யாமல் இவற்றில் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது என்பதே இந்தக் கட்டுரையின் பார்வை.

தேய்மானத்தின் வேர்

தோஷிபாவில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1987இல் அறிமுகப்படுத்திய நாண்ட் ஃபிளாஷ், மின்னூட்டத்தை ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்தின் வழியே செலுத்தித் தரவைச் சேமிக்கிறது. எழுதும்போதும் அழிக்கும்போதும் அந்தப் படலம் சிறிது சிறிதாகச் சேதமடைகிறது. ஒரு செல்லில் ஒரு பிட் வைத்த எஸ்எல்சி காலத்தில் ஒரு லட்சம் சுற்றுகள் வரை தாங்கும் என்றார்கள். இரண்டு பிட் எம்எல்சியில் அது சில ஆயிரங்களாகச் சரிந்தது. மூன்று பிட் டிஎல்சியில் ஓராயிரம் முதல் மூவாயிரம் வரை. நான்கு பிட் க்யூஎல்சியில் பெரும்பாலும் ஆயிரத்துக்குள். ஒரு ஜிபியின் விலை இறங்க இறங்க, தாங்கும் திறனும் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

இதைவிட முக்கியமான இன்னொரு குணம் உண்டு. ஃபிளாஷில் எழுதுவது பக்கம் பக்கமாக. அழிப்பதோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த தொகுதியாக. ஒரு வரியைத் திருத்துவதற்காகப் பலகை முழுவதையும் துடைக்க வேண்டியிருப்பது போன்ற நிலை இது. அதைச் சமாளிக்க, வட்டுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் புதிய தரவை வேறு பக்கத்தில் எழுதிவிட்டு, பழையதைச் செல்லாததாகக் குறித்துவைக்கிறது. பின்னர் இன்னும் பயனில் உள்ள பக்கங்களை நகர்த்திவிட்டுத் தொகுதியை அழிக்கிறது. இயக்க முறைமை ஒரு ஜிபி எழுதச் சொன்னால் ஃபிளாஷில் உண்மையில் எழுதப்படுவது இரண்டு ஜிபியாகவோ பத்து ஜிபியாகவோ இருக்கலாம். இந்த எழுத்துப் பெருக்கம் எழுதும் முறையைப் பொறுத்தது. பெரிய கோப்பைத் தொடர்ச்சியாக எழுதினால் குறைவு. நான்கு கேபி, எட்டு கேபி என்று துண்டு துண்டாக, ஒவ்வொன்றையும் உடனே வட்டில் பதியச் சொல்லி வற்புறுத்தி எழுதினால் அதிகம். பூட் டிரைவில் நடப்பது பெரும்பாலும் இரண்டாம் வகை.

இயக்க முறைமைகள் இப்படி எழுதப் பழகியதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. யூனிக்ஸ் வளர்ந்த காலத்தில் சேமிப்பகம் என்றால் காந்தத் தட்டு. அதில் எழுதுவதற்கு நேரம்தான் செலவு; ஆயுள் செலவாகவில்லை. எனவே ஒரு கோப்பைப் படித்தாலே படித்த நேரத்தைத் திரும்ப எழுதும் வழக்கம் யாரையும் உறுத்தவில்லை. லினக்ஸின் பழைய சிஸ்லாக் நிரல் ஒவ்வொரு வரியையும் எழுதியவுடன் வட்டுக்குத் தள்ளியது. அதைத் தவிர்க்கக் கோப்பின் பெயருக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட வேண்டும். அந்தக் குறி அறிமுகமானது வேகத்துக்காக. தேய்மானம் பற்றிய எண்ணமே அப்போது இல்லை.

எழுதவே விடாத மரபு

முதல் பதில் சர்வர் அறைகளுக்கு வெளியே, சிறிய பிணையச் சாதனங்களில் பிறந்தது. 2003இல் வந்த மோனோவால் என்ற ஃபயர்வால், காம்பேக்ட் ஃபிளாஷ் அட்டையிலிருந்து எழுந்து ரேமில் ஓடியது. அதன் அமைப்புகள் அனைத்தும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் அடங்கின. அதன் வழிவந்த பிஎஃப்சென்ஸின் நானோபிஎஸ்டி பதிப்பு, வட்டைப் படிக்க மட்டும் என்ற நிலையில் வைத்து, அமைப்பு மாறும்போது மட்டும் எழுத அனுமதித்தது. ரவுட்டர்களுக்கான ஓபன்டபிள்யூஆர்டி இன்றும் இயல்பாக லாக் அனைத்தையும் ரேமில்தான் வைத்திருக்கிறது. ஜாயண்ட் நிறுவனம் உருவாக்கிய ஸ்மார்ட்ஓஎஸ் இன்னும் ஒரு படி மேலே போய், பிணையம் வழியாகவோ யுஎஸ்பி குச்சியிலிருந்தோ முழு இயக்க முறைமையையும் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டது. அங்கே தேய்வதற்கென்று பூட் டிரைவே கிடையாது.

பெரிய நிறுவனங்களின் சர்வர்களுக்கு இந்த மரபைக் கொண்டுவந்தது விஎம்வேர். 2007இன் கடைசியில் வெளியான அதன் மெய்நிகராக்க மென்பொருள் இஎஸ்எக்ஸ்ஐ, யுஎஸ்பி குச்சியிலோ எஸ்டி அட்டையிலோ அடங்கும் அளவுக்குச் சிறியது. எழுந்தபின் ரேமில் ஓடும். மணிக்கொருமுறை அமைப்பு மாற்றங்களை மட்டும் ஒரு சிறு தொகுப்பாகச் சேமிக்கும். சர்வர் தயாரிப்பாளர்கள் இரட்டை எஸ்டி அட்டைப் பலகைகளையே தனி உறுப்பாக விற்றார்கள். பத்தாண்டுகளுக்கும் மேலாக இந்த ஏற்பாடு ஓடியது.

அது உடைந்த விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 2020இல் வந்த இஎஸ்எக்ஸ்ஐ 7.0, பூட் டிரைவின் பிரிவுகளை மாற்றியமைத்தது. லாக், கருவிக் கோப்புகள், அமைப்பின் நிலை என்று தனித்தனியாக இருந்தவை இஎஸ்எக்ஸ்-ஓஎஸ்டேட்டா என்ற ஒரே பகுதிக்குள் வந்தன. அது தொடர்ந்து எழுதப்படும் என்ற எதிர்பார்ப்போடு வடிவமைக்கப்பட்டது. 2021இல் அதன் இரண்டாம் புதுப்பிப்புக்குப் பிறகு, பல இடங்களில் எஸ்டி அட்டைகள் பதிலளிக்காமல் நின்றன. பல அட்டைகள் கெட்டன. கருவிக் கோப்புகளை ரேமுக்கு நகர்த்தும் மாற்று வழி முதலில் பரிந்துரைக்கப்பட்டது. பின்னர் திருத்தம் வெளியானது. இறுதியில் யுஎஸ்பி, எஸ்டி ஆகியவற்றைத் தனித்த பூட் சாதனமாகப் பயன்படுத்துவதை விஎம்வேர் கைவிடச் சொன்னது. எஸ்எஸ்டிக்கு அது வைத்த குறைந்தபட்ச வரம்பு, வாழ்நாளில் 128 டிபி எழுத்தைத் தாங்க வேண்டும் என்பது.

சேமிப்பகச் சர்வர்களுக்கான ஃப்ரீநாஸின் கதையும் இதே திசையில் நகர்ந்தது. படிக்க மட்டுமான படிமமாக யுஎஸ்பி குச்சியில் வாழ்ந்த அது, 2014இல் 9.3 பதிப்பில் பூட் சாதனத்தையே இசட்எஃப்எஸ் கோப்பு முறைமைக்கு மாற்றியது. பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதி, பிழை கண்டறியும் வசதி எல்லாம் கிடைத்தன. யுஎஸ்பி குச்சிகள் போதாமல் போய், எஸ்எஸ்டியே பரிந்துரையானது. பிஎஃப்சென்ஸ் 2017இல் நானோபிஎஸ்டியைக் கைவிட்டது.

எழுதவே விடாத மரபின் பலவீனம் இங்கே தெரிகிறது. வட்டைக் காப்பதில் அது தோற்கவில்லை, காத்தது. ஆனால் அந்தக் காவல் மென்பொருளின் எளிமையைச் சார்ந்தது. வசதிகள் கூடக்கூட, நிலையான சேமிப்பகம் இருக்கிறது என்ற அனுமானமும் உள்ளே நுழைகிறது. ஒரு புதுப்பிப்பு அந்த அனுமானத்தை மாற்றும்போது, நிர்வாகி தன் கையால் எதையும் மாற்றாமலே அவருடைய வட்டு தேயத் தொடங்கிவிடுகிறது.

குறைத்து எழுதுவது

வழக்கமான லினக்ஸ் சர்வரை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் இறங்குகிறார்கள். படித்த நேரத்தை எழுதும் வழக்கத்தை நிறுத்துவது இதில் மூத்த அறிவுரை. 2009இல் வந்த 2.6.30 கெர்னலிலிருந்து அந்த எழுத்தைப் பெருமளவு தவிர்க்கும் முறையே இயல்புநிலையாகிவிட்டது. எனவே இன்று அதை முழுதாக நிறுத்துவதால் கிடைக்கும் கூடுதல் பலன் சிறிது. ஸ்வாப் பகுதியை நீக்குவது அல்லது ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் இசட்ரேமுக்கு மாற்றுவது, தற்காலிகக் கோப்புகளை ரேமில் வைப்பது ஆகியவை தீங்கற்றவை. நினைவகம் தாராளமாக இருந்தால் தயங்காமல் செய்யலாம்.

சிக்கல் லாக் விஷயத்தில் தொடங்குகிறது. சிஸ்டம்டியின் ஜர்னல், சாதாரணச் செய்திகளை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வட்டில் உறுதிசெய்கிறது. மிகக் கடுமையான செய்திகளை மட்டும் உடனே எழுதுகிறது. அதை முழுக்க ரேமில் வைக்கும்படி ஒரே வரியில் மாற்றிவிடலாம். லாக்2ரேம் போன்ற கருவிகள் லாக் அடைவையே நினைவகத்துக்கு நகர்த்தி, குறித்த இடைவெளியில் வட்டுக்குப் படியெடுக்கின்றன. எழுத்து வெகுவாகக் குறையும் என்பதில் ஐயமில்லை.

ஆனால் லாக் எதற்காக இருக்கிறது? இயந்திரம் திடீரென விழுந்தால், விழுவதற்கு முந்தைய சில நிமிடங்களில் என்ன நடந்தது என்பதைச் சொல்வதற்காக. ரேமில் வைத்த லாக் எல்லா நேரமும் இருக்கும். தேவைப்படும் அந்த நேரத்தில் மட்டும் இருக்காது. ஊடுருவல் நடந்த சர்வரில் இதன் விலை இன்னும் கூடுதல்: ஒரு மறுதொடக்கம் போதும், தடயம் அழிந்துபோகும். சில ஆயிரம் ரூபாய் வட்டின் ஆயுளைச் சில ஆண்டுகள் நீட்டிப்பதற்காக, ஒரு நிறுவனம் தன் விபத்துகளைப் புரிந்துகொள்ளும் திறனையே விட்டுக்கொடுக்கிறது. இந்தப் பரிமாற்றத்தைத் தெரிந்தே செய்பவர்கள் உண்டு. அறிவுரைப் பட்டியலில் இருக்கிறது என்பதற்காகச் செய்பவர்களே அதிகம் என்று அஞ்ச வேண்டியிருக்கிறது.

மெய்நிகராக்க மென்பொருளான பிராக்ஸ்மாக்ஸைப் பயன்படுத்துவோரிடம் புழங்கும் அறிவுரை வேறு வகைப்பட்டது. அது கிளஸ்டரின் எல்லா அமைப்புகளையும் ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் வைத்து, ஒவ்வொரு கணுவின் பூட் டிரைவிலும் பாதுகாக்கிறது. உயர் கிடைப்பு சேவைகள் தாம் உயிரோடு இருப்பதைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை அங்கே குறித்துவைக்கின்றன. ஒற்றை இயந்திரத்தில் அச்சேவைகளுக்கு வேலையில்லை. நிறுத்திவிட்டால் இழப்பும் இல்லை. ஆனால் கிளஸ்டரில் அவற்றை நிறுத்தினால், ஒரு கணு விழும்போது அதன் மெய்நிகர் இயந்திரங்கள் வேறு கணுவில் தானாக எழாது. ஒரே கட்டளை ஓரிடத்தில் சிக்கனம், இன்னோரிடத்தில் ஆபத்து.

கோப்பு முறைமையும் கணக்கில் வர வேண்டும். இசட்எஃப்எஸ் இயல்பாக ஐந்து விநாடிக்கு ஒருமுறை மாற்றங்களைத் தொகுத்து எழுதுகிறது. ஒரு சிறு மாற்றத்துக்கும் அதற்கு மேலே உள்ள குறிப்புத் தொகுதிகள் வேர் வரை புதிதாக எழுதப்படுகின்றன. உடனே பதியச் சொன்ன எழுத்து முதலில் தனிக் குறிப்பேட்டிலும், பிறகு உரிய இடத்திலும் என இரண்டு முறை எழுதப்படலாம். ஐந்து விநாடிக்கு ஒருமுறை என்றால் நாளுக்கு 17,280 முறை. ஒவ்வொரு முறையும் அரை எம்பி என்று வைத்துக்கொண்டாலே எட்டரை ஜிபிக்கு மேல் போகிறது. பயனர் தரவு ஒன்றுமே இல்லாமல்.

வேறிடத்தில் எழுதுவது

லாக்கைப் பிணையத்தின் வழியே மையச் சர்வருக்கு அனுப்புவது, மேலே சொன்ன தடய இழப்புக்கு நேரான மருந்து. ஊடுருவியவரால் எளிதில் அழிக்க முடியாத நகல் ஒன்று வெளியே இருக்கிறது என்பது கூடுதல் நன்மை. பிணையமே கோளாறானால் அந்தக் கோளாறின் பதிவு மட்டும் வந்து சேராது. இது அதன் குறை. கெர்னல் நிலைகுலையும்போது கடைசிச் செய்திகளை ஃபர்ம்வேர் நினைவில் ஒதுக்கிவைக்கும் பிஸ்டோர் வசதி அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. பூட் டிரைவில் எதுவும் எழுதாமல் முக்கியத் தடயத்தைக் காக்கும் இந்த வசதி பெறும் கவனம் போதாது.

கணக்குப் போடுபவர்கள்

2013இல் டெக் ரிப்போர்ட் இதழ் ஆறு சாதாரண எஸ்எஸ்டிகளைச் சாகும்வரை எழுதிப் பார்க்கத் தொடங்கியது. 2015இல் சோதனை முடிந்தபோது சாம்சங் 840 ப்ரோ 2.4 பெட்டாபைட்டைத் தாண்டியிருந்தது. அன்றிலிருந்து 'கவலை வேண்டாம்' என்ற நிலைப்பாட்டுக்கு வலுவான ஆதாரம் கிடைத்தது. எளிய கணக்கும் அதையே சொல்கிறது. 150 டிபி எழுத்துக்கு உத்தரவாதம் உள்ள 250 ஜிபி வட்டில் நாளுக்கு 20 ஜிபி எழுதினால், அந்த வரம்பை எட்ட இருபது ஆண்டுகள் ஆகும்.

களத் தரவுகளும் பெரும்பாலும் துணை நிற்கின்றன. பியாங்கா ஷ்ரோடரும் கூகிள் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, ஆறு ஆண்டுகளின் தரவை வைத்து, அழிப்புச் சுற்றுகளைப் போலவே வட்டின் வயதும் பிழைகளைத் தனித்துப் பாதிப்பதைக் காட்டியது. விலையுயர்ந்த எஸ்எல்சி வட்டுகள் நடைமுறையில் மேலான நம்பகத்தன்மை காட்டவில்லை என்பதும் அதன் முடிவுகளில் ஒன்று. நெட்ஆப் சேமிப்பகங்களின் இருபது லட்சத்தை ஒட்டிய எஸ்எஸ்டிகளை 2022இல் ஆராய்ந்தவர்கள், பெரும்பாலானவை தம் தாங்குதிறனில் சிறு பங்கையே செலவழித்திருந்ததைக் கண்டார்கள். அதே ஆய்வில், எழுத்துப் பெருக்கம் முந்தைய ஆய்வுகள் சொன்னதைவிட அதிகமாகவும் இருந்தது.

இந்த நிலைப்பாட்டின் பலவீனங்கள் மூன்று இடங்களில் தென்படுகின்றன. பெரும்பாலும் எம்எல்சியாக இருந்த 2013இன் வட்டுகளை வைத்து இன்றைய க்யூஎல்சி வட்டுகளைப் பற்றி முடிவுகட்ட இயலாது. அந்தச் சோதனை பெருமளவு தரவைத் தொடர்ந்து எழுதியது. பூட் டிரைவின் துண்டு எழுத்தை அது பிரதிபலிக்கவில்லை. களஆய்வுகளோ கூகிள் தானே வடிவமைத்த வட்டுகளையும், நிறுவனத் தரச் சேமிப்பகங்களையும் பற்றியவை. கடையில் வாங்கி மூலையில் செருகிய மலிவு வட்டைப் பற்றி அவை நேரடியாகப் பேசவில்லை.

ஓயாத எழுத்து ஃபிளாஷைத் தீர்த்துவிடும் என்பதற்குச் சர்வர் உலகத்துக்கு வெளியே ஒரு சான்று உண்டு. டெஸ்லாவின் பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் திரைக் கணினியில் 8 ஜிபி இஎம்எம்சி ஃபிளாஷ் இருந்தது. இடைவிடாத எழுத்தால் அது சில ஆண்டுகளிலேயே தேய்ந்து, பின்பக்கக் கேமரா உள்ளிட்டவை செயலிழந்தன. 2021இல் அமெரிக்காவில் சுமார் 1,35,000 கார்கள் திரும்பப் பெறப்பட்டன. சராசரி சொல்லும் ஆறுதல், சிறிய கொள்ளளவும் ஓயாத எழுத்தும் சேரும் இடத்தில் உதவாது என்பதை அது காட்டியது.

உத்தரவாத எழுத்தளவைக் குறிக்கும் டிபிடபிள்யூ என்ற எண்ணையே பலர் தவறாகப் படிக்கிறார்கள். 2010இல் ஜெடெக் என்ற தரநிலை அமைப்பு வகுத்த விதிகளின்படி, அது வட்டு செத்துப்போகும் எல்லையைக் குறிப்பதில்லை. அவ்வளவு எழுதிய பிறகும், மின்சாரம் இல்லாத நிலையில் சாதாரண வட்டு 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டும், நிறுவனத் தர வட்டு 40 டிகிரியில் மூன்று மாதமும் தரவைக் காக்க வேண்டும் என்பதே அதன் பொருள். என்விஎம்இ வட்டுகள் காட்டும் 'பயன்பட்ட விழுக்காடு' 100ஐத் தாண்டியும் ஏறலாம். எல்லையைத் தாண்டிய வட்டு என்ன செய்யும் என்பதும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். டெக் ரிப்போர்ட் சோதனையில் இன்டெல் 335, தன் கெடு தீர்ந்ததும் எழுத மறுத்தது; மீண்டும் இயக்கியபோது கண்ணுக்கே தென்படவில்லை. தரவு வட்டுக்கு இது ஒரு தொல்லை. பூட் டிரைவுக்கோ, அடுத்த மறுதொடக்கத்தில் சர்வரே எழாது என்று பொருள்.

வலுவான வட்டும் இரட்டை வட்டும்

நிறுவனத் தர எஸ்எஸ்டியின் சிறப்பு என்று அதிகச் சுற்றுகளைத்தான் பலரும் நினைக்கிறார்கள். பூட் டிரைவுக்கு அதைவிடப் பயனுள்ளது மின்னிழப்புக் காப்பு. உள்ளே இருக்கும் மின்தேக்கிகளின் துணையால், 'உடனே பதி' என்ற கட்டளை வரும்போது தரவைத் தன் டிராமில் வாங்கிக்கொண்டே கன்ட்ரோலர் உறுதியளித்துவிடலாம். பிறகு துண்டுகளைச் சேர்த்து முழுப் பக்கமாக எழுதலாம். ஆகவே இந்தக் காப்பு தரவை மட்டுமின்றி ஃபிளாஷையும் காக்கிறது. மின்வெட்டும் பழுதான யுபிஎஸ்ஸும் சகஜமான இடங்களில் இதற்கு ஈடு வேறு இல்லை. விலையைத் தவிர இதற்கு எதிரான வாதம் குறைவு. பழைய நிறுவனத் தர வட்டுகள் மலிவாகக் கிடைக்கும் சந்தையில் அந்த வாதமும் தளர்கிறது. மிக அதிகத் தாங்குதிறன் கொண்ட ஆப்டேன் வட்டும் இவ்வகையில் நல்ல தேர்வாக இருந்தது. 2022இல் இன்டெல் அத்தொழிலை முடித்துக்கொண்டது.

இரண்டு வட்டுகளை மிரராக வைப்பது அடுத்த நிலைப்பாடு. டெல்லின் பாஸ் அட்டை இரண்டு எம்.2 வட்டுகளை இதற்கென்றே இணைக்கிறது. தற்செயலான பழுதுக்கு இது சரியான மருந்து. தேய்மானத்துக்கு அப்படி இல்லை: மிரரின் இரு பக்கமும் ஒரே எழுத்தைப் பெறுகின்றன, ஒரே மாதிரி, ஒரே நாளில் வாங்கியவை என்றால் ஏறக்குறைய ஒன்றாகவே தேயும். 2019இல் ஹெச்பிஇ சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் ஃபர்ம்வேர் பிழையால் செயலிழக்கும் என்று எச்சரித்தது. தேய்மானத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் ஒன்றாக இயக்கத் தொடங்கிய வட்டுகள் ஒன்றாகவே போகக்கூடும் என்பதை அது தெளிவாக்கியது. இரு தயாரிப்புகளைக் கலந்து வைப்பது எளிய பரிகாரம்.

சாகட்டும், தானியங்கி முறையில் மறுபடி நிறுவிக்கொள்ளலாம் என்பது பெரிய தரவு மையங்களின் பதில். நூறு சர்வர்களும் ஒரே வார்ப்பில் இருக்கும் இடத்தில் அது நியாயமானது. எட்சிடி போன்ற கிளஸ்டர் தரவுத்தளத்தைப் பூட் டிரைவிலேயே வைத்திருக்கும் குபெர்னெட்டிஸ் கட்டுப்பாட்டுக் கணுவில் இந்த அலட்சியம் செல்லாது. அங்கே பூட் டிரைவ் தன்னை அறியாமலே தரவு வட்டாகிவிட்டது. எட்சிடி ஒவ்வொரு மாற்றத்தையும் வட்டில் உறுதிசெய்த பிறகே நகரும்.

தீராமல் நிற்பவை

இத்தனை நிலைப்பாடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு வரிசைமுறையைத் தயக்கத்தோடு பரிந்துரைக்கலாம். முதலில் ஒரு வாரம் வட்டின் எழுத்து எண்ணிக்கையை அளந்து பார்ப்பது. பின்னர் எந்தச் சேவை எழுதுகிறது என்று கண்டறிந்து, வேலையில்லாததை மட்டும் நிறுத்துவது. லாக்கை ரேமுக்கு மாற்றுவதாக இருந்தால், அதற்கு முன்பே வெளியே ஒரு நகல் போவதை உறுதிசெய்வது. கிளஸ்டர் தரவுத்தளம் இருந்தால் சிக்கன யோசனையை விட்டுவிட்டு மின்னிழப்புக் காப்புள்ள வட்டை வாங்குவது. பெரும்பாலான சர்வர்களில் முதல் படியிலேயே கவலை தீர்ந்துவிடக்கூடும்.

ஆனால் அந்த முதல் படியே முழுமையானதல்ல. என்விஎம்இ தரநிலையில் எல்லா வட்டுகளும் காட்ட வேண்டிய எண், இயக்க முறைமை எழுதச் சொன்ன அளவுதான். ஃபிளாஷில் உண்மையில் எழுதப்பட்ட அளவைச் சில தயாரிப்பாளர்கள் தம் சொந்தக் குறிகளில் வெளியிடுகிறார்கள், பலர் வெளியிடுவதில்லை. பூட் டிரைவின் துண்டு எழுத்தில் பெருக்கம் எவ்வளவு என்பதை நிர்வாகி 'பயன்பட்ட விழுக்காடு' ஏறும் வேகத்திலிருந்து ஊகிக்கத்தான் முடியும். அந்த விழுக்காடும் தயாரிப்பாளரின் மதிப்பீடே. மலிவான டிஎல்சி, க்யூஎல்சி பூட் டிரைவ்களை மட்டும் தனியே பிரித்து, அவற்றின் எழுத்து முறையோடு சேர்த்து ஆராயும் விரிவான களஆய்வு வேண்டும். மென்பொருள் பக்கத்திலும் ஒரு கேள்வி தொங்குகிறது. ஒரு புதுப்பிப்பு பூட் டிரைவில் நாளுக்கு எவ்வளவு கூடுதலாக எழுதும் என்பதை வெளியீட்டுக் குறிப்பில் சொல்லும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. இஎஸ்எக்ஸ்ஐ 7.0க்கு முன் அப்படி ஒரு வரி இருந்திருந்தால், பல நிறுவனங்கள் எஸ்டி அட்டைகளை மாற்றிய பிறகே புதுப்பித்திருக்கும்.